முதலில் சீப்பு

ரசீது அப்புறம் எழுதலாம், எய்லர்ட்.
பூட்ஸைக் கழற்றிவிட்டு உட்காருங்கள்.
கடைசிப் படகு ஐந்தரைக்கு.
அதற்குள் இவனை ஒருமுறை
பிடரியிலிருந்து வால் நுனி வரை
நீங்கள் சீவிக் காட்ட வேண்டும்.

இவன் போல்மே. கடுவன். மூன்று வயது.
நார்வேக் காட்டுப்பூனை என்று பெயர்,
காட்டைப் பார்த்ததெல்லாம்
என் சமையலறைச் சன்னல் வழியாகத்தான்.
இன்னும் இரண்டு வருஷம் வளர்வான்.
அவசரம் தெரியாத இனம்.
மரத்திலிருந்து தலைகீழாக இறங்குவான்,
பதறிப்போய் ஏணி தேடாதீர்கள்.

உடம்பில் இரண்டு சட்டை.
வெளியே நீள மயிர், கொஞ்சம் எண்ணெய்ப் பசை,
மழை அதில் தங்காது, உருண்டு போகும்.
உள்ளே கம்பளி.
வலை இழுக்கப் போகும்போது நீங்களும்
இப்படித்தானே போட்டுக்கொள்கிறீர்கள்?
உங்களுக்குக் கழற்றி மாட்ட ஆணி இருக்கிறது.
இவனுக்கு ஏப்ரல்தான் ஆணி.
பொலபொலவென்று கொட்டும்.
சோபாவில், வெண்ணெயில்,
உறைபோட்டு ஒட்டிய கடிதத்துக்குள்ளே கூட.
அந்த ஆறு வாரம் தினமும் சீவுங்கள்.
மற்ற நாளில் வாரம் ஒருமுறை போதும்,
சனிக்கிழமை என்று வைத்துக்கொண்டால் மறக்காது.

முதலில் அகலப் பல் சீப்பு. பிறகுதான் நெருங்கிய பல்.
முதுகை யார் வேண்டுமானாலும் சீவலாம்,
அவனே நெளிந்து கொடுப்பான்.
சிக்கு விழுவது மறைவிடத்தில்:
காதுக்குப் பின்னால், அக்குளில்,
பின்னங்கால் சராய்க்குள்.
விரலால் பிரியுங்கள். கத்தரி கூடாது.
பூனைத்தோல் காகிதம் மாதிரி,
சிக்கோடு சேர்ந்து எழும்பி வரும்.

சொல்லிவிடுகிறேன்.
இவன் ஒருமுறை விலைபோய்த் திரும்பி வந்தவன்.
மூ நகரத்தில் நல்ல வீடு, சூடான தரை,
பீங்கான் கிண்ணத்தில் சால்மன்.
சீப்பு மட்டும் இல்லை.
ஜூனில் கூடையைத் திறந்தேன்,
உள்ளே பூனை இல்லை,
பூட்ஸுக்குள் வைக்கும் ஃபெல்ட் அட்டை ஒன்று
மூச்சு விட்டுக்கொண்டிருந்தது.
நடந்தால் அக்குள் இழுத்து வலித்திருக்கிறது,
அவர்களோ சோம்பேறி என்று நினைத்திருக்கிறார்கள்.
மயக்க ஊசி போட்டு மழித்தார்கள்.
கோடையிலும் நடுங்கினான்,
என் ஸ்வெட்டர் கைக்குள் தலையை விட்டுத் தூங்கினான்.
எட்டு மாதம் வயிற்றைத் தொட விடவில்லை.

இதோ சீப்பு. பிடியுங்கள்.

உங்கள் வலக்கையில் மூன்றே விரல் என்பதை
கதவைத் திறந்தபோதே பார்த்துவிட்டேன்.
மீன் அறுக்கும் எந்திரமா? சரி, கேட்கவில்லை.
ஆனால் மனசுக்குள் அப்போதே
'முடியாது' என்று எழுதி வைத்தேன்,
எப்படிச் சொல்வது என்றுதான்
காபி போடும் சாக்கில் யோசித்துக்கொண்டிருந்தேன்.

நீங்கள் அழுத்தவில்லை.
அழுத்த வராது உங்களுக்கு.
சிக்கு தடுத்த இடத்தில் சீப்பு தானே நழுவியது.
நிறுத்தினீர்கள்.
கட்டைவிரலால் மயிரைப் பிரித்து, ஊதி,
மறுபடி நுனியிலிருந்து தொடங்கினீர்கள்.
பத்து விரலும் உள்ள எனக்கு
நுனியிலிருந்து தொடங்க வேண்டும் என்பது
விளங்க நாலு பூனை ஆயிற்று.

முதுகு முடிந்தது. வால் முடிந்தது.
அவன் எழுந்து போய்விடுவான் என்று நினைத்தேன்.
மேசைவிளக்கைப் பார்த்துக் கொட்டாவி விட்டு,
மெல்லச் சரிந்து,
வயிற்றைக் காட்டினான்.

நான் ஒன்றும் சொல்லவில்லை.
நீங்களும் சொல்லவில்லை.
கர்ர் என்ற சத்தம் மட்டும், கரண்டியெல்லாம் அதிர.

மணி ஐந்தே முக்கால், எய்லர்ட். பதறாதீர்கள்.
கடைசிப் படகு ஏழு நாற்பதுக்கு.
ஐந்தரை என்பது,
எனக்குப் பிடிக்காதவர்களைக் கிளப்ப
நான் வைத்திருக்கும் நேரம்.

அந்தப் பேனாவை எடுங்கள்.
சீப்பில் உள்ள கம்பளியைக் குப்பையில் போடாதீர்கள்,
வேலியில் செருகி வையுங்கள்,
வாலாட்டிக் குருவி எடுத்துப் போகும்.
பின்னங்கால் பாக்கி இருக்கிறது.